பூசாத விபூதி

ஜெயம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவில், சாமிப் படங்களுக்குக் கீழே ஒரு தீப்பெட்டி இருக்கிறது. அதற்குள் குச்சி கிடையாது. வெற்றிலைத் துண்டில் மடித்த ஒரு சிட்டிகை விபூதி மட்டும்தான். வெற்றிலை காய்ந்து சருகாகிவிட்டது. விபூதி அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அடுப்புப் பற்றவைக்க அதை எடுக்கப் போனால், "அத வைங்க, அது வேற வேலைக்கு" என்பாள் ஜெயம்மா.

அது என்ன வேலை என்பது மேற்கணக்கில் எல்லோருக்கும் தெரியும்.

றக்வானையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், பஸ் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் ஒருதரம் பின்னுக்கு வந்து திரும்புகிற வளைவு ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் தேயிலைத் தோட்டம். மேலே வரிசை வீடுகளாக இருக்கும் லயங்கள் மேற்கணக்கு, ஆற்றுப் பக்கம் இருப்பவை கீழ்க்கணக்கு. ஜெயம்மா மேற்கணக்குக்காரி. ஐம்பதை நெருங்குகிறாள். கொழுந்து எடுப்பதில் அவளை முந்த ஆள் இல்லை, வாயிலும் இல்லை. புருஷன் இறந்தபிறகு ஒரே மகள் விஜயகலாவைத் தனியாக வளர்த்தாள். தொழிற்சங்கத்தில் மாதர் தலைவி. மேற்கணக்குப் பெண்கள் வெளியூர் வேலைக்குக் கிளம்புவதானாலும், மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதானாலும், "ஜெயம்மாக்கா என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்கள்.

கிருஷ்ணகுமார் கீழ்க்கணக்கில் பிறந்தவன். படித்து, டவுனுக்குப் போய், இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் அலுவலகம் போட்டான். கொழும்புப் பக்கத்து வீடுகளில் படுக்கையில் கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்துப் பெண்களை அனுப்புவது அவனுடைய தொழில். பலகையில் 'பயிற்றப்பட்ட பராமரிப்பாளர்கள்' என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தான். பயிற்சி என்று அங்கே நடந்தது ஒரு போட்டோ பிடிப்பது. அலுவலகத்தில் ஆணியில் ஒரு வெள்ளை யூனிஃபோம் தொங்கும். வருகிற பெண்கள் எல்லோரும் அந்த ஒரே யூனிஃபோமை மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒல்லியான பிள்ளைக்கு முதுகில் ஊசி குத்தி இறுக்குவான். தடித்த பிள்ளையைப் பக்கவாட்டில் நிற்கவைப்பான். அந்தப் படங்கள்தான் கொழும்பு வீடுகளுக்குப் போயின.

விஜயகலாவின் படமும் அப்படித்தான் போனது. தெஹிவளையில் ஒரு வீடு. "வயசானவரு. சோறு ஊட்டணும், பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான் தங்கச்சி" என்று சொல்லித் தன்னுடைய வேனிலேயே கொண்டுபோய் கேற்றில் இறக்கிவிட்டான். உள்ளே போனால், அந்தப் பெரியவருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தது. பால், சூப், மருந்து எல்லாம் அதன் வழியாகத்தான். குழாயை அதற்கு முன் கண்ணால் கண்டிராத பிள்ளைக்குச் சமையல்காரப் பெண் காட்டிக் கொடுத்தாள். தலையை உயர்த்தி வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்பதை அவளும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் பெரியவர் மட்ட மல்லாக்கப் படுத்திருக்க, விஜயகலா பாலை ஊற்றினாள். பால் எதுக்களித்து நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது.

தவறு அவள் கையால்தான் நடந்தது. விஜயகலா அதை ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

ஆனால் பெரியவரின் மகன் பொலிஸைக் கூப்பிடுவதற்கு முன் கிருஷ்ணகுமாருக்கு போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டான். அறையில் எல்லோரும் நின்றார்கள். விஜயகலாவும் நின்றாள். போனில் குமாரின் குரல் சிங்களத்தில் தெளிவாக வந்தது.

"எயாவ மம தன்னே நே."

அவளை எனக்குத் தெரியாது. தான் அனுப்ப இருந்தது வேறொரு பெண்ணை என்றும், இவள் எங்கேயோ விலாசத்தைப் பிடித்துக்கொண்டு தானாக வந்து நின்றிருக்கிறாள் என்றும் அவன் சொன்னான். பொலிஸும் அதையே எழுதிக்கொண்டது: நர்ஸ் என்று பொய் சொல்லி வீட்டுக்குள் நுழைந்த பெண். அதற்குச் சாட்சி, வெள்ளை யூனிஃபோம் போட்ட அந்தப் படம்.

விளக்கமறியல், வழக்கு, வக்கீல் என்று அலைந்து, பெரியவருக்கு ஏற்கனவே இருந்த நோயை வைத்து டாக்டர்கள் எழுதிக் கொடுத்தபிறகுதான் பிள்ளை வெளியே வந்தாள். ஏமாற்றுக்காரி என்ற எழுத்து மட்டும் பொலிஸ் நிலையத்தில் அப்படியே நின்றது. பேசி வைத்திருந்த சம்பந்தம் முறிந்தது. குழாயடியில் அவளைக் கண்டால் பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். விஜயகலா றக்வானை பசாரில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போனாள். காலை முதல் பஸ், மாலை கடைசி பஸ். ஆட்கள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத நேரங்கள் அவை.

ஜெயம்மா அழவில்லை. கீழ்க்கணக்குக்குப் போய்ச் சண்டை பிடிக்கவும் இல்லை. மேற்கணக்குப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அதன்பிறகு அங்கிருந்து ஒரு பெண்கூட குமாரிடம் வேலைக்குப் போகவில்லை. போயிருந்தவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அது போதாது என்று ஜெயம்மாவுக்குத் தெரியும். குமார் வேறு தோட்டங்களில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். வேனும் மாற்றிவிட்டான்.

அப்புறம்தான் லைசன்ஸ் விதி வந்தது. சொன்னது நஸ்லின். றக்வானை பசாரில் காயத்துக்கு மருந்து கட்டும் ஓய்வுபெற்ற நர்ஸ் அவர். ஜெயம்மாவின் விரலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட புண்ணைச் சுத்தம் செய்துகொண்டே பேச்சை எடுத்தார்.

"ஒங்கட தோட்டத்து கிருஷ்ணகுமார் என்னத் தேடி வந்தான், தெரியுமா?"

"எதுக்குங்க மிஸ்?"

"இனிமே வீடுகளுக்கு ஆள் அனுப்புற எல்லாருக்கும் லைசன்ஸ் வேணும். சும்மா பலக தொங்கவிட ஏலாது. பொறுப்புக்கு ஒரு நர்ஸ் ஈக்கணும். அனுப்பின புள்ளைகள்ல பத்துப் பேரயாச்சும் நேர்ல கொண்டுவந்து காட்டணும். தான் அனுப்பின ஆள் பேர்ல பொலிஸ் மொறைப்பாடு ஒண்டும் இல்லண்டு சத்தியக் கடதாசியும் குடுக்கணும். என்ட பேரப் போட்டுக்கிறேண்டு கேட்டான். நான் குழாய் போடவும் எடுக்கவும் படிக்க வருசக்கணக்காப் போச்சு, நீ ஒரு யூனிஃபோமோட முடிச்சிட்டியேண்டு செல்லி அனுப்பிட்டேன். வேற யாரையோ பிடிச்சிட்டானாம்."

ஜெயம்மா கையை இழுத்துக்கொண்டாள். "அந்தச் சத்தியக் கடதாசி குடுத்துட்டானா?"

"குடுத்திருப்பான். விசாரண நாள் நோட்டீஸ் போர்டுல போட்டீக்கி. ஆட்சேபன ஈந்தா நேர்ல வந்து செல்லலாமாம். கைய நீட்டுங்க ஜெயம்மா, கட்டி முடியல்ல."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜெயம்மா ஒரு விஷயத்தைத்தான் யோசித்தாள். பத்துப் பேர். குமார் அனுப்பியவர்களில் அனுபவமுள்ள பெண்கள் மேற்கணக்கில்தான் இருக்கிறார்கள். அவன் வருவான்.

அவன் வந்தான். கையில் ஆப்பிள் பை.

"அக்கா, சொகமா?"

"வாங்க தம்பி. ஆப்பிள் ஆஸ்பத்திரிக்குல்ல கொண்டு போவாங்க? இங்க யாருக்குச் சொகமில்ல?"

அவன் சிரித்துச் சமாளித்தான். நடந்தது நடந்துவிட்டது என்றான். லைசன்ஸ் கிடைத்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் நல்லது என்றான். பத்துப் பேர் ஒரு நாள் வந்து நின்றால் போதும். சத்தியக் கடதாசிக்கு இராமசாமி மாஸ்டர் கையெழுத்தும் போட்டுவிட்டார். இராமசாமி தோட்டத்துப் பாடசாலையில் அதிபராக இருந்தவர், இப்போது ஜே.பி., அதாவது சமாதான நீதவான்; ஊரில் யாருக்கு எந்தக் கடதாசி என்றாலும் அவர்தான் சாட்சி.

"மாஸ்டருக்கு விசயம் தெரியுமா?"

"அவரு வாசிச்சுப் பாத்துத்தானே போட்டாரு."

"பொலிஸ்ல உங்க பேரு இல்லதானே. அதால போட்டிருப்பாரு." ஜெயம்மா ஆப்பிள் பையைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினாள். "நான் ஆளுங்களக் கூட்டிட்டு வர்றேன் தம்பி. ஒரே ஒரு காரியம். வெள்ளிக்கிழம பூசைக்கு வாங்க. என் மகள நீங்க அனுப்பலன்னா, கற்பூரத்த அணைச்சு அனுப்பலன்னு சொல்லுங்க. அனுப்பியிருந்தா அதயும் அங்கயே சொல்லிருங்க."

குமார் அவளைப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது.

ஏன் தெளிந்தது என்பதை வெளியார் புரிந்துகொள்ள வேண்டுமானால் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாரியம்மன் முன்னால் ஒருவன் தன் குற்றத்தை ஒத்துக்கொண்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. இரண்டு தரப்பும் ஒரே தட்டில் விபூதி எடுத்துப் பூசிக்கொள்வார்கள். அதற்குமேல் அந்த விஷயத்தைப் பொலிஸுக்கோ கோட்டுக்கோ தோட்டத்துத் துரையிடமோ யாரும் கொண்டுபோவதில்லை. ஜே.பி. முன்னால் கடதாசியில் பொய் சொல்லக் குமார் தயங்கவில்லை. எரிகிற கற்பூரத்தின்மேல் கை வைத்துப் பொய் சொல்ல அவனால் முடியாது. அவனும் அந்த லயத்தில் பிறந்தவன்தான். ஒத்துக்கொள்வதோ லேசு. ஒருதரம் தலை குனிந்தால் போதும், பத்துப் பெண்கள் கிடைப்பார்கள்.

"வர்றேன் அக்கா" என்றான்.

வெள்ளிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. இராமசாமி மாஸ்டர் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று ஜெயம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கோயில் தலைவர் அழகமுத்து தட்டில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். குமார் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். சுடரைப் பார்த்ததும் கைகூப்பினான், அது நடிப்பில்லை.

"நான்தான் அனுப்புனேன். என் வேன்லதான் கொண்டுபோய் விட்டேன். அவளுக்கு ஒன்னும் சொல்லிக் குடுக்கல. போன் வந்தப்ப பயத்துல தெரியாதுன்னு சொல்லிட்டேன். ஆத்தா மன்னிக்கணும், ஜெயம்மாக்காவும் மன்னிக்கணும்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அழகமுத்து தட்டை நீட்டினார்.

"பேச்சு இத்தோட முடிஞ்சது. ரெண்டு பேரும் எடுத்துக்குங்க."

குமார் மூன்று விரலால் நெற்றி நிறையப் பூசினான். ஜெயம்மா ஒரு சிட்டிகை எடுத்தாள். இடது கையில் தயாராக இருந்த வெற்றிலைத் துண்டில் வைத்து மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மகளுக்கு" என்றாள்.

யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளை கோயிலுக்கு வரவில்லை, தாய் கொண்டுபோகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

விஜயகலா கடைசி பஸ்ஸில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "சொன்னாரா?"

"சொன்னான்."

"எல்லாருக்கும் கேட்டிச்சா?"

"கேட்டிச்சு. கீழ்க்கணக்கு ஆளுங்களும் நின்னாங்க."

அவள் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பிறகு எழுந்து வந்து நெற்றியை நீட்டினாள். ஜெயம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கவில்லை.

"இப்ப இல்ல."

விஜயகலாவுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, கோயில்ல முடிஞ்ச பேச்சு."

"நான் பூசலயே. எனக்கு முடியல."

"நம்மள ஒதுக்கி வச்சிருவாங்க."

"ஒன்ன ஒதுக்கி வச்சப்ப எந்த ஆத்தா வந்து குடத்தத் தூக்கி வச்சா?" என்றாள் ஜெயம்மா. வெற்றிலையைக் காலித் தீப்பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

விசாரணை நாளன்று குமார் வேன் அனுப்பினான். வேனுக்குள் பத்து யூனிஃபோம்கள், கடையில் வாங்கிய மடிப்புக் கலையாமல். பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கம்பெனிப் பெரிய துரை வர்ற நாளு மாதிரியே இருக்கு. ரோட்டுக்கு மட்டும்தான் சுண்ணாம்பு அடிக்கல."

"அன்னைக்கு எல்லாருக்கும் ஒன்னு. இன்னைக்கு ஆளுக்கு ஒன்னு. தம்பி முன்னேறிட்டாரு."

"அக்கா, ஒங்களுக்கு எந்த சைஸு?"

"எனக்கு வேணாம்" என்றாள் ஜெயம்மா. அவள் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. குமார் அவளை முன் சீட்டில் உட்காரவைத்து ஏசியைக் கூட்டினான்.

இரத்தினபுரி புதுநகரில் லைசன்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில், கண்ணாடி போட்ட ஒரு சிங்கள அம்மா விசாரணை நடத்தினார். பொறுமையானவர். பொறுப்பு நர்ஸ் யார், அலுவலகம் எங்கே, நோயாளிக்கு ஒன்று நடந்தால் யாருக்கு அறிவிப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குமார் அழகான சிங்களத்தில் பதில் சொன்னான். சத்தியக் கடதாசியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் என்பதால் இராமசாமி மாஸ்டரும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் பத்து வெள்ளை யூனிஃபோம்கள்.

"யாருக்காவது ஆட்சேபனை உண்டா?" என்று அதிகாரி சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

ஜெயம்மா கையைத் தூக்கினாள். தன் பக்கத்து ஆள், நல்லது சொல்லப் போகிறாள் என்று நினைத்த குமார் அவளுக்காக நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவள் உட்காரவில்லை. குமாரின் சிங்களத்துக்குக் குறையாத சிங்களத்தில், மகளை யார் அனுப்பியது, யார் இறக்கிவிட்டது, போனில் என்ன சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். குமாரின் முகம் மாறியது.

"மெடம், இது ஊர்ப் பகை. பொலிஸ் பதிவில் என் பேரே கிடையாது."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். உண்மைதான், அந்தப் பெண் தானாகச் சென்றாள் என்றுதான் பதிவில் இருக்கிறது என்றார். வேறு ஆதாரம் இருக்கிறதா என்று ஜெயம்மாவைக் கேட்டார்.

"அந்த ஃபேன கொஞ்சம் நிப்பாட்டுவீங்களா நோனா?" என்று கேட்டாள் ஜெயம்மா.

எதற்கென்று தெரியாமலே யாரோ சுவிட்சைத் தட்டினார்கள். ஜெயம்மா பையிலிருந்து ஒரு தகரத் தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள்.

"இது கோயில் இல்லை" என்றார் அதிகாரி.

"தெரியும் நோனா. கொஞ்ச நேரந்தான் எரியும்." அவள் குமார் பக்கம் திரும்பினாள். இப்போது தமிழில். "கடதாசியில எழுதுனத இதுக்கு மேல கைய வச்சுச் சொல்லுங்க தம்பி. அவளத் தெரியாதுன்னு."

குமார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவன் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "அக்கா, நீ விபூதி வாங்குனியே."

அதிகாரிக்குத் தமிழ் அவ்வளவு தெரியாது. ஆனால் கையைப் பின்னால் கட்டுகிற மனிதனைப் பார்த்துப் பழகியவர். அவர் சத்தியக் கடதாசியை எடுத்து இராமசாமி மாஸ்டர் பக்கம் நீட்டினார்.

"இதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. இதற்கு மாறாக உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

இதை ஜெயம்மாகூட எதிர்பார்க்கவில்லை. கோயிலில் காதால் கேட்ட மாஸ்டர் முன்னால் இருந்தால் குமாருக்குப் பொய் வராது, அவன் வாயை அடைத்தால் போதும் என்றுதான் அவள் வந்திருந்தாள். கோயில் பேச்சை வெளியே எடுக்க மாட்டார் என்று தெரிந்ததால் மாஸ்டரிடம் அவள் எதுவும் கேட்கவே இல்லை. ஆனால் கற்பூரம் மாஸ்டருக்கு முன்னாலும் எரிந்துகொண்டிருந்தது.

மாஸ்டர் கதவைப் பார்த்தார், குமாரைப் பார்த்தார், கடைசியில் தட்டைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"நான் கையெழுத்து வைத்தபோது தெரியாது. பிறகு தெரியவந்தது. அந்தப் பிள்ளையைத் தானே அனுப்பியதாக இவர் என் காது கேட்கச் சொன்னார். என் கையெழுத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்."

கற்பூரம் அணைந்தது. ஜெயம்மா தட்டை முந்தானையால் துடைத்துப் பைக்குள் போட்டாள்.

பொய்ச் சத்தியம் கொடுத்ததற்காக லைசன்ஸ் மறுக்கப்பட்டது. பலகையைக் கழற்றச் சொன்னார்கள். பொலிஸ் பதிவைத் திருத்தும்படி அலுவலகமே எழுதும் என்று அதிகாரி சொன்னார். ஒரு வருடம் கழிந்தால் குமார் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசிச் சொல்லை ஜெயம்மா மனதில் குறித்துக்கொண்டாள்.

கீழே வந்தால் வேன் இல்லை. பத்துப் பெண்களும் வெள்ளை யூனிஃபோமோடு றக்வானை பஸ்ஸில் ஏறினார்கள். நர்ஸ்மார் என்று நினைத்து இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். சிரித்துச் சிரித்து ஓய்ந்தபிறகு ஒருத்தி சொன்னாள்:

"எல்லாம் சரிதான் அக்கா. நமக்கும் இருந்த ஒரு வழி போச்சே."

"போச்சு" என்றாள் ஜெயம்மா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெயம்மாவுக்குத் தண்டனை திருவிழாவின்போது வந்தது. வரி வாங்க வீடு வீடாக வந்த அழகமுத்து, ஜெயம்மாவின் வாசலைத் தாண்டி நடந்தார். கோயில் வரி வாங்காத வீடென்றால் சாமி அந்த வாசலில் நிற்காது, அந்த வீட்டுக் காரியத்துக்கு ஊர் வராது. ஜெயம்மா பின்னாலேயே போனாள்.

"அண்ணே, நம்ம வீடு கண்ணுக்குத் தெரியலையா?"

"ஆத்தா முன்னால வாங்குன விபூதிக்கு மரியாத குடுக்காத வீட்டுக்கு வரி கெடையாது."

"வாங்குனேன். பூசுனத நீங்க பாத்தீங்களா?"

அழகமுத்து நின்று யோசித்தார். தட்டை நீட்டிய கை அவருடையதுதான். அடுத்த வாசலுக்குப் போனார். இராமசாமி மாஸ்டரும் கோயில் கமிட்டியிலிருந்து தானாகவே விலகிக்கொண்டார். வழியில் ஜெயம்மாவைக் கண்டால் அவர் குடையைச் சாய்த்துக்கொள்கிறார். அவளும் கூப்பிடுவதில்லை.

தேர் மேற்கணக்கு வழியாக வந்த அன்று அவர்கள் வாசலில் நிற்கவில்லை. விஜயகலா உள்ளே தீப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். பதிவைத் திருத்திவிட்டதாகப் பொலிஸிலிருந்து தகவல் வந்து சில நாள் ஆகியிருந்தது. குழாயடியில் இப்போது யாரும் குடத்தை நகர்த்துவதில்லை.

"இப்பயாச்சும் பூசிக்குவோமா அம்மா? எனக்குப் போதும்."

"ஒனக்குப் போதும்னா நீ பூசிக்க."

"நீ?"

மேளச் சத்தம் வளைவைத் தாண்டிக் கீழே இறங்கியபிறகு ஜெயம்மா சொன்னாள்:

"அவன் திரும்பக் கேக்கலாம்னு அந்தம்மா சொன்னிச்சு."

விஜயகலா வெற்றிலையைப் பிரித்து, விரல் நுனியில் தொட்டுத் தன் நெற்றியில் மட்டும் இட்டுக்கொண்டாள். மீதியை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

இப்போதும் எந்தக் காரியமாக இரத்தினபுரிக்குப் போனாலும் ஜெயம்மா புதுநகர் வரைக்கும் நடந்துபோய், அந்த அலுவலகத்து நோட்டீஸ் போர்டின் முன்னால் நின்று, லைசன்ஸ் கேட்டிருப்பவர்களின் பெயர்களை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் வாசித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். தகரத் தட்டு பையிலேயே இருக்கிறது.